பிளந்த குழலும் திரும்பாத நடையும்

சிவபாதம் யாழ்ப்பாணம் பெரியகடைத் தெருவில், தகப்பனின் புடவைக்கடையில் வளர்ந்தவர். நல்ல சரக்கைக் கண்டால் அழுகின கத்தரிக்காயைக் கண்டதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே பாலோடு ஊட்டின பாடம். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இறங்கியபோது அவரிடம் ஒரு பெட்டியும் அந்த முகமும்தான் இருந்தன.

வந்த இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது அயர்லாந்துக்காரரின் மரக்குழல். ஞாயிறு பின்னேரங்களில் டான்ஃபோர்த் பக்கம் ஒரு பாரில் அவர்கள் வட்டமாக இருந்து வாசிப்பார்கள். சிவபாதம் ஊர்ப் புல்லாங்குழலோடு போய் ஓரத்தில் இருந்தார். போகப்போக அவர்களுடைய பழுதான குழல்களைத் திருத்தவும் தொடங்கினார்: வெடிப்புக்குப் பசை, மூட்டுக்கு நூல், துளை மூடிக்குப் புதுத்தோல். கனடாவின் ஹீற்றர் சூடு பழைய மரத்தைப் பிளந்துவிடும் என்பதால் குழல்கள் அவர் வீட்டுக் குளியலறை ஈரத்தில் தூங்கின. மனைவி கமலாம்பிகை அவற்றின் நடுவே முழுகினாள். திருத்தின குழலெல்லாம் சொந்தக்காரரிடம் திரும்பிப் போயின. தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

அது அகப்பட்டது எண்பத்தாறு நவம்பரில், முதல் பனி விழுந்த அன்று. டோர்செட் பார்க் பக்கம், வீடு மாறுகிற அலெக்ஸாண்டர் என்ற அயர்லாந்துக் கிழவர் தன் கராஜில் சாமான்களை விலைக்குப் பரப்பியிருந்தார். கரிய மரக்குழல், வெள்ளி வளையங்கள், தலைத்துண்டில் நீளமாக ஒரு வெடிப்பு. சிவபாதம் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தார். துளை கோணாமல், பூரண நிலவுபோல் ஒழுங்கான வட்டம். நெஞ்சு துள்ளியது. முகம் கத்தரிக்காயைக் கண்டது.

கிழவர் விலை சொன்னார். தலை பிளந்துவிட்டது, நூல் உக்கிவிட்டது, ஊதினால் காற்றுத்தான் வரும் என்று சிவபாதம் ஆங்கிலத்தில் அடுக்கினார்.

கூட வந்திருந்த கமலாம்பிகைக்குத் தன் பாகம் தெரியும். "உது விறகப்பா. வாங்கோ போவம்."

இருவரும் நடந்தார்கள். பேரம் பேசுகிறவர்களின் நடை அது: கால் முன்னுக்கு, காது பின்னுக்கு.

"கூப்பிடுறாரோ?"

"திரும்பாதேங்கோ. திரும்பினா விலை ஏறும்."

"நீர் கொஞ்சம் மெல்ல நடவுமன்."

"இதைவிட மெல்ல நடந்தா நிண்டிடுவன்."

தெருமுனையில் பஸ் தரிப்பு வந்தது. பஸ்ஸும் வந்து போனது. ஒருவரும் கூப்பிடவில்லை. பாவம் அந்த மனுசன், சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிவிட்டார்.

"எங்கடை கணக்குப் பிழைச்சுப்போச்சு," என்றார் சிவபாதம்.

அப்போதுதான் பின்னாலிருந்து வந்தது. நித்திரையால் எழும்புகிறவனின் குரல்போல் ஒரு நீண்ட, தாழ்ந்த சுரம். பாதி காற்று, பாதி தேன். அது மெல்ல வளைந்து ஒரு மெட்டாகியது. பனி அதைக் கேட்டுக்கொண்டே தாமதித்து விழுவதுபோல் இருந்தது. தெருவும் விளக்குக் கம்பங்களும் வெள்ளைக்குள் கரைந்தன. கோட்டுப் பைக்குள் சிவபாதத்தின் விரல்கள் இல்லாத துளைகளைத் திறந்து மூடின. எந்த ஊரில் நிற்கிறார் என்பது கொஞ்ச நேரம் அவருக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியும் இருக்கவில்லை.

"உதுதான் கூப்பிடுது. போங்கோ," என்றாள் கமலாம்பிகை.

பெட்டி ஒட்டுகிற டேப்பை வெடிப்பில் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார் அலெக்ஸாண்டர். "நீங்கள் சொன்னது சரி, காற்றுப் போகிறது. அடுப்பில் வைக்குமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்."

அடுப்பு என்றதும் சிவபாதம் கத்தரிக்காய் முகத்தை மறந்தார். பிறந்ததிலிருந்து எந்தக் கடைக்காரனுக்கும் சொல்லாத சொல்லைச் சொன்னார். "எனக்கு இது வேண்டும். மிகவும் வேண்டும்."

"பிறகேன் போனீர்கள்?"

"எங்கள் கடைத்தெருவில் அப்படிப் போனால், கூப்பிடுங்கள் என்று அர்த்தம்."

அலெக்ஸாண்டர் யோசித்தார். குழலைச் சிவபாதத்தின் கையில் வைத்தார். முதல் சொன்ன விலையை இரட்டிப்பாக்கிச் சொன்னார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு கராஜின் உள்பக்கமாக மெல்ல, மிக மெல்ல நடந்தார்.

"கால் வைக்கிற வடிவைப் பாருங்கோ," கமலாம்பிகை முணுமுணுத்தாள். "பழக்கமில்லாத ஆள் எண்டு ஆர் சொல்லுவினம்."

பொறுத்திருப்பதுதான் முறை. ஆனால் குழலில் கிழவரின் மூச்சுச்சூடு இன்னும் இருந்தது. சிவபாதத்தின் உதடு தானாகப் போய் அமர்ந்தது. தாழ்ந்த சுரம் எழுந்து கராஜை நிறைத்தது. வெளியே பனி மறுபடியும் தாமதித்தது.

அலெக்ஸாண்டர் நின்றார். திரும்பவில்லை. "ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்," என்றார்.

"குறைச்சுக் கேட்டுப் பாப்பமோ?" சிவபாதம் மனைவியின் காதுக்குள் கேட்டார்.

அவள் கைப்பையை ஏற்கெனவே திறந்திருந்தாள். "முழுசாக் குடுங்கோப்பா. இந்தமுறை ஊதிக் கூப்பிட்டது நாங்கள்."