பாடத்தில் இல்லாதவர்கள்

நிலக்ஷனா தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டே போனாள். "மழை விட்டது. மலையிலிருந்து ஓடை இறங்கி வந்தது." அப்புத்தளைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பில் அவளைப் போல வாசிக்க ஆளில்லை. ஆனால் "ஓடை எங்கேருந்து வந்திச்சு?" என்று கேட்டால் சுவரைப் பார்ப்பாள். வாசித்த சொல் ஒன்றும் அவளுக்குள் இறங்குவதில்லை.

பண்டாரவளையில் நடந்த பயிற்சியில் கற்றுவந்த முறையைக் கலாராணி டீச்சர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசி, கண்ணை மூடு, மனசில் தெரிவதை வரை. மற்றப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பலித்தது. நிலக்ஷனாவின் தாள் மட்டும் வெறுமையாகவே திரும்பி வந்தது.

"அவசரமில்ல. அந்த ஓடைய நல்லாப் பாரு. என்ன தெரியுது?"

அன்று அவள் வரைந்தாள். முதலில் ஒரு லயம், ஒட்டி ஒட்டித் தோட்டத்து வீடுகள், வரிசையாகக் கதவுகள். பிறகு மண்ணிறப் பாஸ்டலை எடுத்து மேலிருந்து கீழே இழுக்கத் தொடங்கினாள். கதவுகள் மறைந்தன. பாஸ்டல் முறிந்தது. துண்டை வைத்தும் தேய்த்தாள்.

"ஓடை எங்க வந்திச்சு?"

"வீட்டுக்குள்ள."

பாடத்தில் இல்லாத விடை. ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்த முதல் விடை. போன வருஷ மழையில் மண் சரிந்து பிள்ளையின் தகப்பன் புதைந்து போனதும், தாயும் மகளும் வேறு தோட்டத்திலிருந்து இங்கே உறவுக்காரர் வீட்டுக்கு வந்ததும் கலாராணிக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பாடத்தையும் இந்தப் பிள்ளையையும் சேர்த்து அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை, கொழுந்து பறிக்கப் போகிற வழியில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு தாய் மதலேனா வகுப்பு வாசலில் நின்றாள்.

"புள்ள ராவெல்லாம் தூங்கல டீச்சர். அப்பா அப்பான்னு அனத்துது. இத்தன நாளா அதப்பத்தி ஒரு வார்த்த பேசாம இருந்துச்சு."

"யோசிக்காமப் பண்ணிட்டேங்க."

"வாசிச்சாப் போதும். வெளங்க வேணாம். வெளங்கி என்ன ஆகப்போவுது."

பின்னால் நின்ற மலைமேட்டுப் பக்கம் பார்க்காமலே மதலேனா இறங்கிப் போனாள்.

அன்றைய பாடம் சந்தைக்குப் போகும் பஸ். கலாராணி யாருக்கும் தாள் கொடுக்கவில்லை. நிலக்ஷனா வாசித்தாள், வழக்கத்துக்கு மாறாகத் திக்கித் திக்கி, ஒவ்வொரு சொல்லிலும் நின்று. பிறகு எழுந்து மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், தாள் தரலியா?"

"இன்னிக்கு வேணாம்மா."

"பஸ்ஸுல யார் யார் போறாங்கன்னு பாடத்துல போடல." நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. "நானே போடலாமா?"

கலாராணி மேசை லாச்சியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பஸ் வந்தது, சில்லுகள் வந்தன, ஜன்னல்கள் வந்தன. ஒரு ஜன்னலில் அவளுடையதைப் போலவே ரெட்டைச் சடை. பக்கத்து ஜன்னலில் அகன்ற ஓர் ஆம்பிளைத் தோள் எழும்பியது, கழுத்து எழும்பியது. முகத்துக்கான இடத்தில் பென்சில் முனை தாளைத் தொட்டபடியே நின்றது.