டீ ருசிக்காரரின் மூச்சு

"மூச்சை மெதுவா இழுங்க" என்று குன்னூர் யோகா வகுப்பில் சொன்னதும் மோசஸ் 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். டீயை உறிஞ்சி, ருசி பார்த்துத் துப்பும் உத்தியோகம். வாய் வேறென்ன செய்யும்? துப்பாமல் விட்டது வகுப்பு செய்த புண்ணியம். ஒற்றைக்காலில் நின்ற முன்வரிசை சிரித்தே சரிந்தது.

வெட்கத்தில் வகுப்புக்கு முழுக்குப் போட்டார். ஆனால் தினமும் விடியலில், வாயை இறுக மூடி, சூரிய நமஸ்காரம் செய்தபடி மூக்கு வழியே மூச்சைப் பழக்கினார். கூடவே மனைவி ஐவியும் செய்தாள். "தேறிட்டனா?" என்று கேட்டால், "குளுருதுங்க, ஜன்னலைச் சாத்துங்க" என்று நழுவுவாள்.

பனி கொட்டிய ஒரு காலையில், சூரிய நமஸ்காரம் முடிந்ததும் மோசஸ் விடவில்லை.

"மறுபடி வகுப்புக்குப் போலாமா, வேண்டாமா? நேராச் சொல்லு."

"தாராளமாப் போங்க. இத்தன நாளா உங்க மூச்சைப் பாத்துத்தான் நான் கையைத் தூக்கறேன், எறக்கறேன்" என்றாள் ஐவி.