மேல்மண் காய்ந்தே இருக்கும்

1

இந்தக் கதை ஒரு கலைச்சொல்லிலிருந்து பிறந்தது. அப்படி எழுதுவதே பாதிப் பொய். அந்தச் சொல்லை நான் விளக்கிய லட்சணத்திலிருந்து பிறந்தது. வேளாண்மைக் கலைச்சொல் தொகுப்பு ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சொல், பொருள், பயன்பாடு; ஒரு பதிவுக்கு ஏழு வரி. எட்டாவது வரிக்குப் போனால் பக்கம் அமைப்பவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

சொல் இதுதான்: நிலத்தடிப் பாசனம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: எலுமிச்சை இலைகளின் மேல் காலை வெயில்

வேண்டாம். வெயிலுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது தொடக்கம்: குழாய்க்காரர் ஒருவர் இருந்தார், தொழிலில் கொஞ்சம் அலட்சியம்

இதையும் அடித்துவிட்டேன். ஆனால் அடிப்பதற்குள் அரைப் பக்கம் ஓடிவிட்டது. பாருங்கள், கதையில்கூடப் பழியை அவர் தலையில் கட்டத்தான் என் கை போகிறது. என்னை நம்பிப் படிக்கும் நீங்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டை ஒட்டிய நிலத்தில் இருநூறு எலுமிச்சைக் கன்று வைத்து, மூன்று வருடம் பிள்ளை மாதிரி வளர்த்தாள். பூவெடுக்கும் நேரத்தில் ஒரு குழாய்க்காரரை வைத்து, ஒன்றரை அடி ஆழத்தில் துளை போட்ட குழாய்களைப் பதித்தாள். தண்ணீர் வெளியே தெரியாமல் நேராக வேருக்குப் போகும். அந்த ஆள் மணிக்கட்டில் எப்போதும், குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை டேப் சுருள் ஒன்றை மாட்டியிருப்பார். எல்லோருக்கும் அவர் டேப் அண்ணன்.

ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, மேல பொட்டு ஈரம் இல்ல. கேட்டா, தினம் அரை மணி நேரம் விட்டா போதும், ஈரம் மேல தெரியாதுங்கறார். செஞ்ச கோளாற மறைக்கச் சொல்றாரோ என்னவோ. உன் புத்தகத்துல என்ன போட்டிருக்கு, படி."

படித்தேன். (பெருமையாகப் படித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.) "வேர்ப்பகுதி நன்கு நனையுமாறு, மண்ணுக்கு அடியில் பதித்த குழாய்கள் வழியே நீர் செலுத்தும் முறை."

"மேல ஈரம் தெரியாதுன்னு ஏதாவது இருக்கா?"

"இல்லக்கா."

அன்றிலிருந்து தினமும் மேல்மண் நனையும்வரை அவள் வால்வை மூடவில்லை. மூன்று வாரத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தோண்டிப் பார்த்தால் வேர் அழுகி நாறியது. நூற்று நாற்பது கன்று போய்விட்டது.

4

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது. அடியில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே.)

அந்தப் பதிவுக்கு நான் எழுதிய முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "மேல்மண் காய்ந்தே இருக்கும், நனைந்தால் நீர் மிகுதி என்று பொருள்." அது எட்டாவது வரி. அதே பதிவில், பயன்பாடு என்ற தலைப்பில், நான் மூன்று வரி விளாசியிருந்தேன். கிணற்றுத் தண்ணீரை இறைத்து மேலே பாய்ச்சுவதையும் சிலர் நிலத்தடிப் பாசனம் என்கிறார்களே என்று எனக்குக் கோபம். நிலத்தடி நீரைப் பாய்ச்சுவது வேறு, நிலத்துக்கு அடியில் பாய்ச்சுவது வேறு. இரண்டில் ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது. தோட்டத்துக்காரருக்குத் தேவையானதை வெட்டிவிட்டு, என் சாமர்த்தியத்தை வைத்துக்கொண்டேன்.

5

இந்தக் காட்சியை நான்கு முறை எழுதிவிட்டேன்.

அக்கா வீட்டுப் பின்வாசல். டேப் அண்ணன் ஒரு அழுகிய வேரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நானும் நிற்கிறேன்.

"மேல காஞ்சிருந்தாத்தான் சரியா ஓடுதுன்னு அர்த்தம் டீச்சர். நான் அப்பவே சொன்னேன்ல."

"நீங்க சொல்றது புத்தகத்துலயே இல்ல," என்றாள் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்கம்மா."

[நான் உண்மையைச் சொன்னேன். அக்கா திகைத்துப்போய்]

அடைப்புக்குறிக்குள் இருப்பது நடக்கவில்லை. போனில் பேசியபோது அந்த எட்டாவது வரியை மறந்திருந்தேன். பின்வாசலில் மறக்கவில்லை. நான் சொன்னது, "பாக்கணும்." அவ்வளவுதான்.

அவர் வேரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் போட்ட குழாயால்தான் கன்று போனது என்று அக்கா தெரு முழுக்கச் சொன்னாள். அவரிடம் பேசிவைத்திருந்த இரண்டு தோட்டக்காரர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இப்போது ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல வாக்கியம் ஒன்று தேடினேன், கிடைக்கவில்லை.

6

முடிவுகள் மூன்று கைவசம் இருந்தன.

டேப் அண்ணன் மன்னித்துவிடுகிறார். என் வசதிக்காக அவரைப் பெரிய மனிதராக்க எனக்கு என்ன உரிமை?

மிச்சமிருக்கும் அறுபது கன்றும் துளிர்க்கின்றன, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். (உறவும் மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீர்தான் என்று எழுதக் கை அரித்தது. அடித்தாயிற்று.)

வெட்டிய வாக்கியத்தை அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன். இது நிஜமாகவே நடந்தது, போன வாரம் சேர்த்துவிட்டேன். மூட்டை இறக்குகிறவருக்கு அதனால் என்ன?

7

இதுவரை நீங்கள், நீங்கள் என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் எழுதுகிற எதையும் முதலில் படிப்பது ஒரே ஒரு ஆள். இருபது வருடமாகச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை திருத்துகிற ஆள்.

அக்கா, குழாயில் ஒரு கோளாறும் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி. வெட்டியது நான். பின்வாசலில் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்.

நாளைக் காலையில் குழாயைத் தோண்டி எடுக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறாய். அந்த அறுபது கன்றுக்கு அடியில் இருப்பது நல்ல குழாய். கிடங்கில் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை விடுவார்கள். நான் போய் அவரிடம் சொல்லத்தான் போகிறேன், அது முடிவாகிவிட்டது. தெருவிலும் சொல்வேன். நீ கூட வருவாயா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.

நீ இதைப் படிக்கும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு உன் வீட்டு வாசலில் நிற்பேன். கடைசிப் பக்கத்தில் பாதியை நீ பதில் எழுத விட்டிருக்கிறேன். சிவப்புப் பேனா உன் மேசை மேலேயே இருக்கிறது.