உர்போவின் பூட்ஸ்

முயல் என்பது உர்போவின் பூட்ஸ் முனையிலிருந்து கிளம்பும் பிராணி என்று ரூஸ்கா முடிவு கட்டியிருந்தது. ஒன்றரை வயது வேட்டை நாய். நல்ல மூக்கு, இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும் குரல். எல்லாம் இருந்தும், முயல் கிளம்பும்வரை உர்போவின் குதிகாலை விட்டு மூன்றடி விலகாது.

தப்பு உர்போவினுடையது. புதுப்பனி விழுந்துவிட்டால் அவனுக்குக் கைகால் சும்மா இருக்காது. இரவில் முயல் நடந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே போய், அது படுத்திருக்கும் புதரைத் தானே உதைப்பான். முயல் பாயும். ரூஸ்கா குரைத்தபடி மணிக்கணக்கில் துரத்தும். அந்தத் துரத்தலைப் பற்றி ஊர்க் கடையில் மூன்று வாரம் பெருமையடித்தான். தேடுவது யார் என்று யாரும் கேட்கவில்லை.

கெர்ட்டூ கேட்டாள். குட்டியைக் கொடுத்தவள் அவள்தான். உர்போவைவிடப் பத்து வயது இளையவள், பேச்சில் மட்டும் மூத்தவள். கொடுக்கும்போதே கண்டிஷன் போட்டிருந்தாள்: குட்டிக்கு வரும் இரண்டாவது நவம்பரின் கடைசி ஞாயிறுக்குள் அது தானாக ஒரு முயலைத் தேடிக் கிளப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவளிடமே திரும்பி வந்துவிட வேண்டும். உர்போ தலையாட்டினான். அவன் மனைவி ரயிலி வீட்டைவிட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருந்த சமயம். யார் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது நிலைமை வேறு. காலையில் அவன் முகத்தைப் பார்த்து சந்தோஷப்பட அந்த வீட்டில் ஒரு ஜீவன் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனசே இல்லை.

அந்தக் கடைசி ஞாயிறு காலை அவனும் கெர்ட்டூவும் காட்டோரம் தீ மூட்டி, கரிபிடித்த காபிக் கெட்டிலைத் தொங்கவிட்டார்கள். உர்போ ரூஸ்காவின் கழுத்து வாரை அவிழ்த்தான். ரூஸ்கா அவன் பூட்ஸைப் பார்த்தது.

"போம்மா," என்றான். போகவில்லை.

"சும்மா ரெண்டடி நடந்து காட்டட்டுமா?"

"உக்காருய்யா," என்றாள் கெர்ட்டூ.

ஐந்து நிமிடம் உட்கார்ந்தான். பிறகு விறகு பொறுக்க எழுந்தான். அவன் போன பக்கம் விறகு இல்லை, முயல் தடம் இருந்தது. ரூஸ்கா வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் கிளம்பியது.

"திரும்பி வா. பூட்ஸைக் கழட்டு."

"எதை?"

"ரெண்டையும்."

இரண்டையும் தன் முதுகுப் பைக்குள் திணித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். உர்போ தேவதாருக் கிளைகளின் மேல் கம்பளிக் காலுறையோடு கால் நீட்டினான். ரூஸ்கா காலுறையை முகர்ந்தது. அதிலிருந்து இதுவரை எதுவும் கிளம்பியதில்லை. பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

ஒரு மணி நேரம் போனது. ஆளுக்கு இரண்டு காபி, ஒரு சாசேஜ்.

"ரயிலி என்ன சொல்லிட்டுப் போனா?" என்றாள் கெர்ட்டூ.

"கார் சாவியையாவது அவளே தேடி எடுத்துக்கணுமாம். அவ தேட ஆரம்பிக்கறதுக்குள்ள நான் எடுத்து நீட்டிடறேனாம்."

"முப்பது வருஷமா?"

"இருபத்தெட்டு."

கெர்ட்டூ தீயைக் கிளறினாள்.

பத்தே முக்காலுக்கு ரூஸ்கா எழுந்து சோம்பல் முறித்தது. காலுறையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, மூக்கைத் தரையில் வைத்தபடி மரங்களுக்குள் நுழைந்தது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உக்காரு," என்றாள் கெர்ட்டூ. அவன் எழுந்திருந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் சத்தமே இல்லை. பிறகு ஒற்றைக் குரைப்பு. பிறகு முயலைத் துரத்தும்போது வரும் விடாத குரைப்பு. கெர்ட்டூ கடிகாரத்தைப் பார்த்தாள். பையிலிருந்து பூட்ஸை எடுத்துப் பனியில் வைத்தாள்.

"நாய் உன்னோடதுதான்."

உர்போ பூட்ஸை மாட்டிக் கயிற்றை நிதானமாகக் கட்டினான். குரைப்பு மேட்டைத் தாண்டித் தேய்ந்தது. இவன் ஓடப்போகிறான் என்று கெர்ட்டூ பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவனோ கோட்டைக் கழற்றி, கழுத்து வாரை அவிழ்த்த இடத்தில் விரித்தான். தூரம் போன நாய் ஆளைக் காணாவிட்டாலும் கோட்டின் வாசனைக்குத் திரும்பி வரும். பிறகு வந்து தீயருகே உட்கார்ந்தான்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்த மூன்று மணிக்கு ரூஸ்கா வந்தது. மீசையெல்லாம் பனி. அவனைக் கடந்து போய்க் கோட்டின் மேல் சுருண்டு படுத்தது. சட்டையோடு உட்கார்ந்திருந்த உர்போவுக்குப் பற்கள் தந்தியடித்தன.

"கோட்டை உருவிப் போட்டுக்கய்யா," என்றாள் கெர்ட்டூ.

"இருக்கட்டும்," என்றான் உர்போ. "அதுவா எந்திரிக்கட்டும்."