தன் ஜனத்தோடு

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவரின் கையிலிருந்து மண்வெட்டியை அவள் பிடுங்கியபோது பெரியப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. அவருக்குப் பேச்சு வராமல் போவது அபூர்வம். சபைக் கமிட்டியில் இத்தனை வருடமாக அவர் வாய் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்றவர்களுக்குத் தலையாட்டும் வேலை மட்டும்தான்.

"என்னடி இது? அம்மா நடு ஹாலில கெடக்கறா. நீ இங்க வந்து மண்ணு வெட்டிக்கிட்டிருக்க!"

"குடும்பக் குழி தயாராயிடுச்சுல்ல பெரியப்பா. அம்மாவ அதுல வைக்கிறதுக்குள்ள அண்ணன எடுக்கணும்."

"எந்த அண்ணன்?"

அந்தக் கேள்விதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எந்த அண்ணன் என்று அவருக்கா தெரியாது? அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளை. பிறக்கும்போதே மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் குடும்பக் குழியில் இடமில்லை என்று அன்றைக்குக் கமிட்டிச் செயலாளராக இருந்த இதே பெரியப்பாதான் சொன்னார். மதில் ஓரத்தில் எங்கேயோ புதைத்தார்கள். கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அம்மா அதன் பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் இந்த மதிலருகே வந்து நிற்பாள். யாராவது பார்த்துவிட்டால் செருப்பைக் கழற்றி, கல் புகுந்துவிட்டதுபோல உதறுவாள். அத்தனை கல் புகுந்த செருப்பு உலகத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்னையும் அவனையும் ஒண்ணா போட்டுரு." சரிம்மா என்று இவள் சொன்னாள். இன்று சாயந்திரம் அடக்கம். ஒருமுறை குழியை மூடிவிட்டால் மறுபடி திறக்கக் கமிட்டி விடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா வழக்கமாக நிற்கும் இடத்தில் அவள் புல்லைச் செதுக்க ஆரம்பித்தாள். குழி வெட்டுபவர் தலையைச் சொறிந்துகொண்டு தள்ளிப்போய் ஒரு பீடியைப் பற்றவைத்தார். பெரியப்பா போனை எடுத்துப் போதகரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ஓரம் பார்த்துச் சைக்கிளை நிறுத்திவிட்டு இளம் போதகர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"சிஸ்டர், உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா இது..."

"சாயந்திரம் என்ன வாசிக்கப் போறீங்க, பாஸ்டர்?"

போதகர் பெரியப்பாவைப் பார்த்தார். "ஆபிரகாம் மரிச்ச பகுதி. ஐயாதான் குறிச்சுக் கொடுத்தாரு."

"அதுல, செத்துப்போயி தன் ஜனத்தோட சேர்ந்தாருன்னு வருமே. அதுக்கு என்ன அர்த்தம்?"

"பரலோகத்துல முன்னோர்களோட சேர்றதுதான்."

"இருக்கலாம். ஆனா நான் ஆபிரகாம் வாழ்ந்த நாட்டுக் கல்லறைக்குள்ள உக்காந்து வேலை பாத்தவ."

அவளுக்கு வேலை அருங்காட்சியகத்தின் எலும்புப் பிரிவில். மற்ற வீட்டுப் பெண்கள் ஆபீசுக்குப் போகிறார்கள், இவள் எலும்புக்குப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு கோடைகாலம் முழுக்க அகழாய்வுக் குழுவோடு வேதாகம நாட்டில் இருந்தாள். ராஜாக்கள் காலத்துக் கல்லறை அது. பாறையைக் குடைந்த ஓர் அறை, மூன்று பக்கமும் கல் மேடை. புதிதாகச் செத்தவரை மேடையில் கிடத்துவார்கள். சதையெல்லாம் போய், அடுத்த சாவுக்கு இடம் வேண்டியிருக்கும்போது எலும்புகளைக் கூட்டி அள்ளி, மேடைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் முன்னோர் எலும்புகளோடு சேர்த்துவிடுவார்கள். தாத்தா, மருமகள், பேத்தி எல்லாரும் ஒரே குவியல். நடுநடுவே மண் விளக்கு, கிண்ணம். அந்தக் குவியலைப் பிரித்து வகைப்படுத்துவதுதான் அவள் வேலை. குழந்தைகளின் எலும்பும் அதில் இருந்தது. யாரும் அவர்களைத் தனியாக ஓர் ஓரத்தில் தள்ளியிருக்கவில்லை.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "அந்தப் பேச்சு இந்த வழக்கத்துலேருந்து வந்திருக்கும்னு எங்க அகழாய்வு ஆளுங்க நெறைய பேரு நெனைக்கிறாங்க" என்றாள்.

போதகர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. "எலும்பத் தொட்டா தீட்டுன்னும் எழுதியிருக்கே, சிஸ்டர்."

"எழுதியிருக்கு. தீட்டுன்னு தெரிஞ்சேதான் உள்ள போயி கூட்டி வச்சாங்க. சொந்த ஜனம் செய்யாம அத வேற யாரு செய்வா?" மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். "நான் சொல்றதெல்லாம் தப்புன்னே வச்சுக்குங்க பாஸ்டர். தப்பா இருந்தாலும் தோண்டுவேன்."

போதகர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். ஆனால் கிளம்பிப் போகவில்லை.

"என்ன பாஸ்டர், பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் பெரியப்பா.

"நான் பாக்கலையே, ஐயா."

முழங்கால் ஆழம் தோண்டியும் மண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு முறைகூட வெட்டப்படாத மண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அந்த மண். மதில் நீளத்துக்கும் தோண்ட நேரம் கிடையாது.

"அங்க இல்ல."

அப்பா எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். தளர்ந்த நடையில் மதிலோடு ஒட்டி நடந்து, கோணலாக வளர்ந்திருந்த வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"இங்க."

"அம்மா இங்கதானேப்பா வந்து நிப்பாங்க?"

"அவளுக்கு யாரும் சொல்லல."

"நீங்களுமா?"

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மதிலைப் பார்த்தார்.

"சொன்னா அவ தோண்டிருவான்னு அண்ணன் சொன்னாரு" என்றார் அப்பா கடைசியில். "அவ தப்பான எடத்துல நிக்கிறத நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவளுக்கு அப்பா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகள்! அம்மாவை நாலு எட்டுத் தள்ளி நிற்கச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் நேரம் போகும். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள்.

இங்கே மண் இளக்கமாக இருந்தது. கொஞ்சம் இறங்கியதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, பையிலிருந்து தன் கொத்துக்கரண்டியை எடுத்தாள். மண்டியிட்டு மெல்லச் சுரண்டினாள். சிவப்பு மண்ணுக்குள் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கட்டம் தெரிந்தது. ஓரங்களில் துருப்பிடித்த ஆணிகள், மக்கிய மரத்தூள். ஒரு பக்கத்தில் பச்சை பூத்த பித்தளைக் குமிழ் ஒன்று.

குமிழைத் துடைத்துப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் அப்பாவின் மேசையில் ஒரு டிராயர் கிடையாது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே கிடையாது. மற்ற டிராயர்களில் இதே குமிழ்தான்.

"பிள்ளைக்குச் சவப்பெட்டி குடுக்க முடியாதுன்னுட்டாங்க" என்றார் அப்பா.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "பாத்தியா? ஒரு எலும்புத் துண்டுகூட இல்ல. வெறும் மண்ணு. இதுக்குத்தான் இத்தனை கூத்தா?"

எலும்பு இருக்காது என்று அவள் எதிர்பார்த்ததுதான். பிறந்த பிள்ளையின் எலும்பு, இந்த ஈர மண்ணில் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்காது. ஆனாலும் காதுக்குள் இருக்கும் அந்தக் கெட்டி எலும்பாவது கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. அதுவும் இல்லை. கண் கலங்கிக்கொண்டு வந்தது. புறங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் மண்.

"வெறும் மண்ணு இல்ல, பெரியப்பா. சுத்தி எல்லாம் செவப்பு. இது மட்டும்தான் கறுப்பு. உடம்பு மக்குனா இப்படித்தான் ஆகும்." கொத்துக்கரண்டியால் அந்தக் கறுப்பைச் சுட்டிக் காட்டினாள். "எந்த அண்ணன்னு கேட்டீங்கல்ல? இதுதான் எங்கண்ணன். நல்லாப் பாத்துக்குங்க."

கொண்டு வந்திருந்த வெள்ளைத் தலையணை உறையில் கறுப்பு மண்ணைக் கை கையாக அள்ளிப் போட்டாள். குமிழையும் போட்டாள். குழி வெட்டுபவர் பீடியை அணைத்துவிட்டு வந்து, கேட்காமலே உறையின் வாயை விரித்துப் பிடித்தார்.

வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைய ஆட்கள். மண்ணும் வேர்வையுமாக அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பெரியப்பா அவளை முந்திக்கொண்டு போய் அம்மாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"கல்லறை மண்ண அள்ளிட்டு வந்து பெட்டிக்குள்ள போடுவியா? நாலு பேரு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"அன்னைக்கு நான் எடுத்த முடிவு தப்புன்னு எல்லாருக்கும் காட்டணும், அதானே ஒனக்கு?" வாழ்நாளில் முதல்முறையாக அவர் கிழவராகத் தெரிந்தார்.

"எனக்கு அம்மாகிட்ட சொன்ன சொல்லக் காப்பாத்தணும். அவ்வளவுதான்."

"நான் நிக்கிற வரைக்கும் நடக்காது."

அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். அதற்குள் பின்னாலிருந்து அப்பா வந்து, அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார்.

"அண்ணே," என்றார். சரிண்ணே என்பதைத் தவிர வேறு எதையும் இந்த வீட்டில் யாரும் அவர் தன் அண்ணனிடம் பேசிக் கேட்டதில்லை. "தள்ளுங்க."

பெரியப்பா அசையவில்லை. அப்பாவும் அசையவில்லை. சுவர் ஓரமாக நின்றிருந்த போதகர் வேதாகமத்தைப் பிரித்து, சாயந்திரம் வாசிக்க வேண்டியதை இப்போதே வாசிக்கத் தொடங்கினார். ஆபிரகாம் தன் ஜனத்தோடு சேர்ந்த இடம் வந்தபோது பெரியப்பாவின் கை பெட்டியின் விளிம்பை விட்டது.

அப்பா பெட்டியருகே போனார். அம்மாவின் இடது கையைக் கொஞ்சம் விலக்கி இடம் செய்தார். பிறகு மூட்டையை எடுத்து, ஒரு கையை அடியில் கொடுத்து, மறு கையைத் தலைப்பக்கம் தாங்கலாக வைத்து, மெதுவாகக் குனிந்தார்.