நாற்பது வயதுக்குள்

தக்காளி விழுது காய்ச்சி விற்கும் தொழிலை நான்தான் தொடங்கினேன், ஓர் அடுப்பு, ஒரு கொப்பரையோடு. தங்கை பிறகு வந்து சேர்ந்தாள். உள்ளூர் விளைச்சலைப் பதப்படுத்தி உள்ளூரிலேயே விற்பவர்களுக்கு அரசு மானியம் என்று அறிவிப்பு வந்தது. அரைக்கும் மெஷின் தருவார்கள், குளிர்வண்டியும் தருவார்கள். ஆனால் உரிமையாளருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கக் கூடாது. கூடப்பிறந்தவர்கள் பங்குதாரராகவும் கூடாது. எனக்கு நாற்பத்து மூன்று. தங்கைக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, அவள் பெயரிலேயே விண்ணப்பித்துவிடலாம் என்று பேசினோம்.

"பேருக்குத்தானேக்கா. முதலாளி நீதான்" என்றாள் தங்கை.

"அப்ப நான் யாருடி?"

"வேலைக்கு வர்ற பொம்பளைன்னு சொல்லிக்கலாம். மூஞ்சியும் பொருத்தமாத்தான் இருக்கு."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதிகாரி பார்வையிட வந்த காலையில் நான் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு பழம் பொறுக்கும் மேசையில் நின்றேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி நல்ல மனிதர். நேராக என்னிடம் வந்தார்.

"சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "அதெல்லாம் கரெக்டா குடுத்துடுவேன் சார். கொஞ்சம் மந்தம். ஆனா சொன்னதைச் செய்வாங்க."

கொஞ்சம் மந்தம். இதை நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. அழுகலை ஒதுக்கியபடியே அந்தச் சொல் அவளுக்குள் எத்தனை நாளாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும், சின்ன வயதிலிருந்தே. திரும்பிப் பார்த்தேன். சிவக்கவில்லை.

மெஷின் வந்தது. வண்டியும் வந்தது. சோதனைக்கு எப்போது வேண்டுமானாலும் வருவார்களாம். அதனால் தொப்பி அப்படியே இருக்கட்டும் என்றாள். நாற்காலியைப் பற்றி இருவருமே பேசவில்லை. வெளியாட்கள் முன்னால் 'அக்கா' வேண்டாம் என்பது ஏற்பாடு. தனியாக இருக்கும்போதும் அந்தச் சொல் குறைந்துகொண்டே வந்தது. கூப்பிட வேண்டிய இடத்தில் கரண்டியால் கொப்பரையைத் தட்டுவாள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

நேற்று சரக்கு எடுக்க வந்த டிரைவர் பழைய ஆள். வழக்கம்போல என்னிடம் கேட்டார்: "அக்கா, பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பெட்டி?"

தங்கை உள்ளிருந்து வந்தாள்.

"என்கிட்ட கேளுங்க. இவங்க இங்க வேலைக்கு இருக்காங்க."

அதிகாரி யாரும் அங்கே இல்லை. டிரைவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். அது கேலியாகவே இருந்துவிடட்டும் என்று நானும் உரக்கச் சிரித்தேன். நாங்கள் சிரித்து முடிக்கும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "பத்துப் பெட்டி. ஏத்தி விடுங்க" என்றாள்.