மூன்றாம் நம்பர் பறவை

காட்டுக் கதை சொல்லப் பயிற்சி என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் முழுக்க ஓட்டல் ஹாலில், ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடி, ஏசியில் எல்லோரையும் விறைக்கவைத்து, காட்டை வெள்ளைத் திரையில் காட்டினார்கள். மேடையோரம் இருந்த ஒரே செடி பிளாஸ்டிக். அதன் பின்னால், செலவை ஏற்றுக்கொண்ட காகிதக் கம்பெனியின் பேனர்.

மைக் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எஃப்எம் வானொலியில் வேலை. பஸ் நேரம், ரத்தம் தேவை, சோப்பு விளம்பரம், கண்ணீர் அஞ்சலி என்று அடுத்தவர் எழுதிக் கொடுத்ததையே வாசித்து வாசித்துத் தொண்டை தேய்ந்தவள். சொந்தமாக ஒரு நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம், அவள் எழுதி அவளே பேசுவது. இதற்காக வருஷக்கணக்கில் நச்சரித்ததில் மேனேஜர் ஒருவழியாக இறங்கி வந்திருந்தார். "பயிற்சிக்குப் போய் நல்லதா ஒரு காட்டுக் கதை பண்ணிட்டு வாங்கம்மா. எடுபட்டுச்சுன்னா ஞாயித்துக்கிழமை உங்களுக்குத்தான்" என்றிருந்தார்.

முன் வரிசையில் அவளுடைய கொழுந்தன். செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் வீடியோ எடுத்துப் போடுகிறவன். வீட்டில் ஒரு வேலை சொன்னால் காதில் விழாது, கேட்டால் லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்பான். அந்த லட்சம் பேரில் ஒருத்தர்கூட காஸ் சிலிண்டர் மாற்ற வந்ததில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவர் வாயைத் திறந்தாலே காட்டின் ஆன்மா, காட்டின் ஆன்மா என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவருக்கு ஆன்மா என்றே பேர் விழுந்துவிட்டது. கதைக்கு ஒரு முகம் வேண்டும், நடுவில் ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டும், கடைசியில் நம்பிக்கை வேண்டும் என்பது அவர் பாடம். நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் ஷேர் பண்ண மாட்டார்களாம். பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு பென்டிரைவ் கொடுத்தார். அதில் மழை, ஓடை, பறவை-1, பறவை-2, பறவை-3 என்று காட்டுச் சத்தங்கள் வரிசையாக இருந்தன.

"மூணாம் நம்பரை மட்டும் மறந்துடாதீங்க. கல்லும் கரையும்" என்றார் ஆன்மா.

"நாளைக்குக் காட்டுக்குத்தானே சார் போறோம்? அங்கேயே பறவை இருக்குமே" என்று கேட்டாள் மைக் அக்கா.

"இருக்கும்மா. ஆனா அது நம்ம சௌகரியத்துக்குக் கத்தாது."

எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன் திரும்பிப் பார்த்து, மானத்தை வாங்காதீங்க அண்ணி என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

மறுநாள் பஸ்ஸில் அழைத்துப் போய் இறக்கிவிட்ட இடத்தில் மரங்கள் இருந்தன. அதில் குறை சொல்ல முடியாது. ஒரே வகை மரம், ஒரே உயரம், ஒரே இடைவெளி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பிரேயருக்கு நிறுத்தின மாதிரி. காகிதக் கம்பெனி நட்டது. வளர்ந்ததும் வெட்டிக் கூழாக்கிவிட்டு மறுபடி நடுவார்கள். கம்பெனி அதிகாரி இதைக் காடு என்றார். ஆன்மா ஆமோதித்தார். அப்புறம் யார் என்ன சொல்வது? டிரோன் மேலே போனது, கீழே எல்லோரும் ஆஹா என்றார்கள். கொழுந்தன் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதான். வெளிச்சம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவையும் அழுதான்.

மைக் அக்கா ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு, அவர்கள் பேச்சுச் சத்தம் எட்டாத தூரத்துக்குப் போனாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. பறவை இல்லை, பூச்சி இல்லை, காற்று நின்றதும் இலைச் சத்தம்கூட இல்லை. காலுக்குக் கீழே சருகு நொறுங்குவது மட்டும் கேட்டது, அதுவும் அவள் அசைந்தால்தான். இத்தனை மரத்துக்கு நடுவில் தன் மூச்சைத் தவிர வேறு உயிரே இல்லை என்று தெரிந்தபோது அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்தப் பயத்தைத்தான் எல்லோருக்கும் கேட்கவைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டாள்.

வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினாள். மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற மனிதர். ஹெட்போனைக் கழற்றி ஒயரைத் திருகிப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலையே. மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. அங்க அப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப காடுதான் ரிப்பேர்" என்றார். மூன்று நாளில் யாரும் சொல்லாத உருப்படியான வார்த்தை அது.

நிலையத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் குலை நடுங்கும். ஒலிபரப்பு சில விநாடி ஊமையானால், ஏதோ பழுது என்று எடுத்துக்கொண்டு, ஒரு பெட்டி தானாகவே விளம்பரத்தை ஓடவிட்டுவிடும். அதற்குக் காவலாளி என்று செல்லப்பேர். தன் கதை ஓடும்போது மட்டும் காவலாளியை அணைத்துவைக்க வேண்டும் என்று கேட்டாள். மேனேஜருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "மௌனமா? பலே. அவார்டு வாங்கற ஐடியாம்மா" என்று தலையாட்டினார். கதையை அவர் கேட்கவில்லை. அவள்மேல் அவ்வளவு நம்பிக்கையாம்.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூடியோவுக்குள் அவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர், ஆன்மா, கம்பெனி அதிகாரி, குச்சியோடு கொழுந்தன். பதிவுசெய்த அவள் குரல் ஒலித்தது: "இதுதான் காடு என்று எங்களை அழைத்துப் போனார்கள். இந்தக் காடு என்ன பேசுகிறது, நீங்களே கேளுங்கள்."

அதற்குப்பின் மௌனம். அது முடிந்ததும், அங்கே ஏன் ஒரு பறவைகூட இல்லை என்று அவள் சொல்வதாக இருந்தது.

மேனேஜர் முதலில் ரசிப்பதுபோல் கண்ணை மூடினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, சத்தத்தை அளக்கிற மீட்டரைப் பார்த்தார். முள் படுத்துக் கிடந்தது. வியர்த்தது. வேட்டை நாய் துரத்தினவர்போல் எழுந்து ஓடி, காவலாளியின் சுவிட்சைத் தட்டிவிட்டார். உடனே காகிதக் கம்பெனியின் விளம்பரம் ஓடியது. "பசுமையே எங்கள் மூச்சு" என்றது ஒரு பெண் குரல். அது மைக் அக்காவின் குரல்தான், போன மாதம் வாசித்துக் கொடுத்தது. அதன் பின்னணியில் நெஞ்சைப் பிழிந்துகொண்டு கூவியது மூன்றாம் நம்பர் பறவை.

அவள் வெளியே ஓடி வந்தாள். "சார், இன்னும் முடியல. முக்கியமானதே இனிமேதான் வருது."

"முடிஞ்சிருச்சும்மா. அமோகமா முடிஞ்சிருச்சு."

ஆன்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவ்வளவு மௌனத்துக்கு அப்புறம் அந்தப் பறவை. நான் சொன்ன நம்பிக்கை இதுதான்." அதிகாரி எழுந்து கைதட்டினார். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை வருஷம் முழுக்கக் கம்பெனியே நடத்திக்கொடுக்கும் என்று அங்கேயே அறிவித்தார். அந்தப் பறவையையே நிகழ்ச்சியின் தொடக்க இசையாக வைத்துக்கொள்ளலாமாம்.

"சந்தோஷம்தானே? போய் உக்காருங்க, போன் வந்து குமியுது" என்றார் மேனேஜர்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? இத்தனை வருஷம் ஏங்கினது கைக்கு வந்தால் யாருக்கும் மனசு துள்ளத்தான் செய்யும். துள்ளின மனசைப் பார்த்து அவளுக்கே எரிச்சல் வந்தது. போய் உட்கார்ந்தாள்.

நேரலையில் முதல் அழைப்பு, ஒரு பெண். "அக்கா, அந்தப் பறவை சத்தத்தைக் கேட்டு என் பொண்ணு சாப்பிடறதையே நிறுத்திட்டா. அது என்ன பறவைக்கா? அங்க கூட்டிட்டுப் போனா காட்டலாமா?"

கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் இரண்டு விரலால் தன் வாயோரங்களை இழுத்துக் காட்டினார், சிரித்துப் பேசு என்று. கொழுந்தன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"அங்க போகாதீங்கம்மா. அந்தப் பறவை எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு. பேரு பறவை மூணு. நான் போன இடத்துல ஈ காக்கா இல்ல. காகிதத்துக்கு வெட்டறதுக்காக நட்ட மரம் அதெல்லாம். அது காடே இல்ல."

மேனேஜரின் விரல்கள் வாயோரத்திலேயே நின்றன. அதிகாரி ஆன்மாவைப் பார்த்தார், ஆன்மா தரையைப் பார்த்தார். போனில் அந்தப் பெண்ணும் பேசவில்லை. மைக் அக்காவுக்கும் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மீட்டர் முள் மெதுவாகச் சாய்ந்து படுத்தது.

காவலாளியை அணைக்க இந்தத் தடவை யாருக்கும் தோன்றவில்லை. அது தன் கணக்குக்குச் சில விநாடி பொறுத்துப் பார்த்தது. ஏதோ பழுது என்று முடிவு பண்ணி, அதே விளம்பரத்தை ஓடவிட்டது.

ஹெட்போனில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "ஏன்க்கா பொய் சொல்றீங்க? இப்பக்கூடக் கூவுதே."